பதினோராம் பலகை

முதல் பத்துப் பலகைகளையும் றஜிதா நான்கே நாளில் மொழிபெயர்த்து முடித்துவிட்டாள். பதினோராவதில் வந்து நின்றவள், இரண்டு கிழமையாகியும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வேலை என்னவோ சின்ன வேலைதான். ரொறன்ரோ நகர மையத்தில் இருக்கும் ஒரு நூதனசாலை, வசந்த காலத்தில் ‘முற்றுகை’ என்று ஒரு கண்காட்சி வைக்க ஏற்பாடு செய்திருந்தது. 1763ஆம் ஆண்டு, பிரித்தானியச் சிப்பாய்கள் இருந்த டிட்ரொயிட் கோட்டையை ஒடாவா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் பொன்டியாக் ஐந்து மாதம் வளைத்து வைத்திருந்த கதை அது. மொத்தம் இருபது விளக்கப் பலகைகள். ஒவ்வொன்றிலும் நூறு சொல்லுக்கு மேல் கிடையாது. ஸ்காபரோப் பக்கத்துத் தமிழ்ச் சனமும் வந்து பார்க்கவேண்டும் என்று தமிழிலும் போடத் தீர்மானித்து, றஜிதாவைப் பிடித்திருந்தார்கள். காதில் மாட்டிக் கேட்கிற ஒலிப்பதிவுக்கும் அவளுடைய குரல்தான்.

வழக்கமாக அவளிடம் வருவது ஆஸ்பத்திரித் துண்டுப் பிரசுரங்களும், பள்ளிக்கூடங்கள் பெற்றோருக்கு அனுப்பும் கடிதங்களும்தான். குடல் பரிசோதனைக்கு முதல் நாள் எதைச் சாப்பிடக்கூடாது என்பதை அவளைப்போல் தெளிவாகத் தமிழில் எழுத ஆளில்லை என்று பெயர் எடுத்திருந்தாள். அப்படிப்பட்டவளுக்குக் கோட்டையும் ஆறும் தோணியும் கையில் கிடைத்ததும் ஆசையாகவே இருந்தது. மரக்குற்றிகளை நட்டு எழுப்பிய மதில், முன்னால் அகன்ற ஆறு, உள்ளே நூற்றுச் சொச்சம் சிப்பாய்கள். சுற்றிவர, தங்கள் நிலம் தங்களுக்கே இல்லாமல் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். ஏழாம் பலகை வரை அவள் இடையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுதினாள்.

பத்தாம் பலகையில் பொன்டியாக்கின் திட்டம் வருகிறது. நட்புக்காகப் பேச வருவதுபோல முந்நூறு பேர் கோட்டைக்குள் போவது. துவக்குக் குழாய்களைக் குட்டையாக அரிந்து போர்வைக்குள் மறைத்துக்கொள்வது. பேச்சுக்கு நடுவில் தலைவர் கையிலுள்ள, மணி கோத்த பட்டியைத் திருப்பிப் பிடித்தால், அதுதான் அடையாளம். போனார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் சிப்பாய்கள் எல்லோரும் ஆயுதத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். ஆரோ முந்தியே சொல்லிவிட்டார்கள். பட்டி திரும்பவில்லை. வந்தவர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து முற்றுகை தொடங்கியது.

பதினோராம் பலகை அந்தச் சொன்னவரைப் பற்றியது. யார் சொன்னது என்பது இன்றுவரை தெரியாது, பல பேருடைய பெயர் அடிபடுகிறது என்று தொடங்குகிறது. பொன்டியாக்கின் ஆட்களுக்குப் பக்கத்து ஊரில் இருந்த கத்தரின் என்ற பெண்ணில் சந்தேகம் விழுந்தது. அவளைக் கோட்டைத் தளபதியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இவளா சொன்னது என்று கேட்டார்கள். அவர் இல்லை என்றார். ஆனாலும் பந்தடிக்கிற மட்டையால் அவள் தலையில் மூன்று அடி விழுந்தது; அவள் நிலத்தில் சாய்ந்தாள். இவ்வளவும் அந்தக் காலத்து நாட்குறிப்பு ஒன்றில் இருக்கிறது. பலகைக்கு ஆங்கிலத்தில் தலைப்பு ஒரே ஒரு சொல்: ‘இன்ஃபோமர்’.

றஜிதா அதற்குச் ‘சொன்னது யார்?’ என்று தலைப்புப் போட்டாள்.

அவளுடைய தமிழைச் சரிபார்க்க நூதனசாலை இன்னொருவரை வைத்திருந்தது. தங்கத்துரை மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்து, இங்கே வந்தும் சும்மா இராமல் தமிழ்ப் பிழை திருத்திக்கொண்டு ஸ்ரௌவ்வில்லில் இருப்பவர். ஈமெயிலில் மட்டும் அறிமுகம். முதல் பத்திலும் அவர் கை வைத்தது இரண்டு சந்திப் பிழையில்தான். பதினொன்றில் மட்டும் ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘தலைப்புப் பிழை. மூலத்தில் கேள்வி இல்லை. “துரோகி” எனப் போடவும். எமது மக்களுக்கு உடனே விளங்கும். அத்துடன் “அப்பாவிப் பெண் கத்தரின்” என்று எழுதியுள்ளீர்கள். “அப்பாவி” மூலத்தில் இல்லை. நீக்கவும்.’

அவள் அந்தக் குறிப்பை அழித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். அது மறுபடி வந்தது. விளக்கம் எழுதி அனுப்பினாள். மறுபடியும் வந்தது. இப்படி மூன்று தரம். கடைசியில் நூதனசாலைப் பொறுப்பாளர் மார்கரெட், முதல் பதினொன்றும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதிவிட்டாள்.

அந்தக் கிழமை முழுக்க றஜிதாவுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. மல்வேர்னில் அவர்களுடைய ரவுன்ஹவுஸ் வீட்டின் யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்தாள். காய முன்னமே இறக்கி மாட்டினாள். கணினியைத் திறப்பாள், தலைப்பைப் பார்ப்பாள், மூடிவிட்டு எழும்புவாள். ஒரு நாள் ஒரு வேலையும் இல்லாமல் நீல்சன் வீதியில் பஸ் ஏறி, கடைசித் தரிப்பு வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். சாரதி கண்ணாடியில் அவளை ஒருதரம் பார்த்தான். கணவன் நவரட்ணம் லொறியோடு வின்னிப்பெக் போயிருந்ததால் வீட்டில் அவளும் தாயும்தான்.

“உனக்கு என்ன நடந்தது? நிண்ட இடத்தில நிக்கிறாய் இல்லை,” என்றார் தாய் சந்திரவதனா.

“வேலை அம்மா. ஒரு சொல்லு சரிவருகுதில்லை.”

“ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு?”

றஜிதா குப்பையைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள்.

மாஸ்டர் போடச் சொன்ன அந்தச் சொல்லை அவள் முதலில் வாசித்தது பதினொரு வயதில். தொண்ணூறாம் ஆண்டு, ஆடி மாதம். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி அடைபட்டுக் கிடந்தது, சுற்றிவர இயக்கம். மேலே பிளேன். கொட்டடியில் இருந்த அவர்களுடைய வீட்டில் பாதி மட்டும் மிஞ்சியிருந்ததால் கோண்டாவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். அப்பா சபாநாதன் ஒரு பேக்கரியில் வேலை செய்தவர். சண்டை தொடங்க முந்தி, சமாதானமாக இருந்த சில மாதம், காலையில் சைக்கிள் கரியரில் பெட்டி கட்டிக் கோட்டை வாசல் வரைக்கும் பாண் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். ஒருநாள் பின்னேரம் இயக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, ஒருக்கா விசாரிக்கவேணும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் றஜிதா சீனி வாங்கக் கடைக்குப் போனாள். சந்தியில் சனம் நின்றது. சனத்துக்கு இடையால் புகுந்து போனவள், முகத்தைப் பார்க்க முந்திப் பேப்பரைத்தான் பார்த்தாள். வகுப்பில் அவள்தான் வாசிப்பில் முதல். சிவப்பு மையில், முத்து முத்தான எழுத்தில், ஒரே ஒரு சொல். அதை வாசித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா செல்குண்டு விழுந்து செத்தவர் என்று அம்மா சொல்லத் தொடங்கினார். முதலில் வவுனியாவில். பிறகு கொழும்பில். பிறகு இங்கே. றஜிதாவும் அப்படியே சொன்னாள். நவரட்ணத்துக்கும் அதைத்தான் சொன்னாள். முப்பத்தைந்து வருசமாக இருவரும் தங்களுக்குள்கூட வேறு விதமாய்க் கதைத்தது கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம், இனி ஈமெயிலில் சரிவராது என்று, அவள் தங்கத்துரை மாஸ்டருக்குப் போன் எடுத்தாள். “வீட்டை வாங்கோவன், இருந்து கதைப்பம்,” என்றார் அவர், சந்தோசமாகவே.

ஸ்ரௌவ்வில்லில் எல்லாம் புது வீடுகள். ஒரே கல், ஒரே கூரை, ஒரே கராஜ் கதவு. றஜிதா அதே வளைவில் மூன்று தரம் சுற்றிய பிறகுதான் வாசலில் கோலம் ஒட்டியிருந்த கதவைக் கண்டாள். உள்ளே புதுப் பெயின்ட் மணமும் தாளித்த மணமும் சேர்ந்து இருந்தன. மாஸ்டர் மெலிந்து உயர்ந்த மனிதர்; எழுபதுக்கு மேல். பதினோராம் பலகையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மேசையில் ஆயத்தமாக வைத்திருந்தார்.

“இருங்கோ பிள்ளை.”

“பரவாயில்லை மாஸ்டர், நிக்கிறன்.”

அவள் யன்னலடியில் போய் நின்றாள். வீடுகள் முடிகிற இடத்தில் வயல். அதில் மஞ்சள் மெசின் ஒன்று பனி கரைந்த சேற்றை அள்ளிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் மனைவி தெய்வநாயகி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ என்று கேட்டு, உள்ளே போனார்.

“நான் உங்களோட சண்டை பிடிக்கேல்லை,” என்று தொடங்கினார் மாஸ்டர். “உங்கட தமிழ் நல்ல தமிழ். ஆனா தலைப்பெண்டு வந்தால் அடிச்சுச் சொல்லவேணும். கேள்விக்குறியைப் போட்டால் சனம் பாத்திட்டு அங்கால போயிடும்.”

“ஆர் சொன்னது எண்டு தெரியாது எண்டுதானே மாஸ்டர் கீழ எழுதியிருக்கு? தெரியாத ஆளுக்கு மேல எப்பிடி ஒரு பேர் வைக்கிறது?”

“இங்கிலீஷ்ல வைச்சிருக்கிறான்தானே.”

“அந்தச் சொல்லுக்கு, விசயம் சொன்ன ஆள் எண்டுதான் கருத்து. நீங்கள் சொல்லுற சொல்லுக்கு அந்தக் கருத்தில்லை.”

“எங்கட சனத்துக்கு உது ஒரு சொல்லுத்தான் விளங்கும், பிள்ளை. ஏன் சுத்தி வளைப்பான்? எதிரிக்கு ஒருத்தி விசயத்தைச் சொல்லிப்போட்டாள். ஐஞ்சு மாசம் எத்தினை பேர் செத்தது? அதுக்குத் தமிழில என்ன பேர்?”

“அவள்தான் சொன்னவள் எண்டு எங்கை இருக்கு?”

“அடிச்சிருக்கினமெல்லோ. சும்மா ஆரும் அடிப்பினமே?”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விளக்கம் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அந்த வசனத்தை றஜிதா அந்தச் சந்தியிலேயே கேட்டிருக்கிறாள். முன்னுக்கு நின்ற ஒரு மனிசன் பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னது. சும்மா ஆரும் செய்வினமே.

அவள் யன்னலை விட்டுத் திரும்பினாள்.

“எங்கட அப்பாவுக்கும் உதைத்தான் சொன்னவை, மாஸ்டர்.”

“என்னம்மா?”

“தொண்ணூறாம் ஆண்டு. கோட்டை அடிபாடு நடக்கேக்கை. வீட்டை வந்து கூட்டிக்கொண்டு போய் நாலாம் நாள் லைற் போஸ்டில கட்டி விட்டிருந்தவை. நெஞ்சில ஒரு பேப்பர். நீங்கள் போடச் சொல்லுற சொல்லுத்தான் அதில இருந்தது. என்ன செய்தவர், ஆருக்குச் சொன்னவர், ஒண்டும் எழுதேல்லை. அந்த ஒரு சொல்லுத்தான்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது வேறு ஆரோ சொன்னதுபோல இருந்தது. யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தேத்தண்ணித் தட்டோடு வந்த தெய்வநாயகி, வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“எந்தச் சந்தி?” என்று கேட்டார் மாஸ்டர்.

அவள் சந்தியின் பெயரைச் சொன்னாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அந்த நாளில நான் அதாலதான் சைக்கிள்ல போய் வாறனான். உங்கட அப்பாவைப் பாத்தனான் எண்டு சொல்ல மாட்டன். பாக்கேல்லை எண்டும் சொல்ல மாட்டன். உப்பிடி எத்தினை பேப்பர் வாசிச்சிருப்பன். இறங்கிறேல்லை. ஒரு காலை ஊண்டி நிண்டு வாசிச்சுப்போட்டுத் திருப்பி மிதிக்கிறது.”

“வீட்டை வந்தும் ஒண்டும் சொல்ல மாட்டார்,” என்றார் தெய்வநாயகி. “சோறு வேண்டாம் எண்டுவார். எனக்கு விளங்கும்.” தட்டை வைத்துவிட்டு றஜிதாவின் முழங்கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். “குடியுங்கோ பிள்ளை. ஆறப்போகுது.”

மாஸ்டர் பேனையை எடுத்து, அச்செடுத்த தாளில் தன் குறிப்பை மெதுவாக வெட்டினார். தலைப்புப் பற்றியதை மட்டும். மற்றக் குறிப்பில் பேனை நின்றது. பிறகு அதையும் வெட்டினார். “உங்கட விருப்பப்படி போடுங்கோ. மார்கரெட்டுக்கு நான் எழுதிறன்.”

வாசல் வரை வந்தவர், அவள் சப்பாத்து மாட்டும்போது கேட்டார்: “அப்பா ஒண்டும் செய்யாத மனிசன், என்ன?”

“ஓம் மாஸ்டர். பாண் கொண்டுபோய்க் குடுத்தவர். அவ்வளவுதான்.”

வென்றுவிட்டு வருகிறவளுக்கு இருக்கவேண்டிய நிம்மதி அவளுக்கு வரவில்லை. மக்கவன் வீதியில் எல்லாச் சிவப்பு வெளிச்சத்துக்கும் நின்று வந்தாள். ஒவ்வொன்றிலும் ஸ்ரியரிங்கில் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்து வருசம் வாய் திறக்காத விசயத்தை, இன்றுதான் முதல் முதலாகக் கண்ட ஒரு மனிதரின் வீட்டில் போட்டு உடைத்திருக்கிறாள். அம்மாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த ஊரில் அது எப்படியும் வந்து சேரும்.

பின்னேரம் ஐந்து மணி. சந்திரவதனா குசினி மேசையில் பத்திரிகையை விரித்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். றஜிதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, கத்தரின், மாஸ்டர், அவருடைய சொல், தன்னுடைய வாயிலிருந்து வந்தது.

தாயின் கை நின்றது.

“ஆரைக் கேட்டு உதைச் சொன்னனீ?”

“வாயில வந்திட்டுது அம்மா.”

“என்ன சொன்னனீ? முழுக்கச் சொல்லு.”

“கொண்டுபோனதைச் சொன்னனான். பேப்பரைச் சொன்னனான். அப்பா ஒண்டும் செய்யாத மனிசன் எண்டு சொன்னனான்.”

சந்திரவதனா ஒரு நெட்டை எடுத்தார். இலை இல்லாத நெட்டு. அதை விரலால் உருவினார்.

“அது பொய்,” என்றார்.

றஜிதாவுக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. “என்ன?”

“இரு. இருந்தால்தான் சொல்லுவன். நீ நிண்டால் எனக்குத் தலை சுத்துது.”

றஜிதா இருந்தாள்.

“கோட்டை வாசலுக்குப் பாண் எடுக்க ஒரு ஆமிப் பொடியன் வருவான். பத்தொன்பது இருபது வயசு இருக்கும். அப்பா அவனைத் தம்பி எண்டுதான் சொல்லுவார். பேர் எனக்குத் தெரியாது. அவனுக்கு நாலு சொல்லுத் தமிழ், அப்பாவுக்கு நாலு சொல்லுச் சிங்களம். உனக்கு அப்ப செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளானது ஞாபகமோ? அவன் குளுக்கோஸ் பெட்டி ஒண்டு குடுத்துவிட்டவன். நீ குடிச்சனீ.” அவர் நெட்டை மேசையில் வைத்தார். “ஆனியில ஒருநாள், பேக்கரிக்கு வந்த ஆரோ கதைச்சதை அப்பா கேட்டிருக்கிறார். நாளைக்குச் சண்டை தொடங்கப் போகுது எண்டு. மற்றவை எல்லாரும் கேட்டுப்போட்டுப் பேசாமல் வீட்டை போனவை. இவர் அண்டு பின்னேரம் ஒரு பெட்டிப் பாணைக் கட்டிக்கொண்டு போனவர். பின்னேரம் ஒருநாளும் போறேல்லை. நாளையில இருந்து வெளியால வராதை எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டு வந்தவர்.”

“அப்பா சொன்னவரோ உங்களுக்கு?”

“வந்த உடன சொன்னவர். இந்த வாயாலதான் நான் ஏசினனான். உங்களுக்கு விசரோ எண்டு. அவன் சின்னப் பொடியன் எண்டு மட்டும்தான் சொன்னவர்.”

வெளியே பள்ளிக்கூட பஸ் ஒன்று வந்து நின்று போனது. றஜிதா எழும்பப் பார்த்தாள். எழும்பவில்லை.

“அப்ப அவை சொன்னது சரியோ?” அவளுடைய குரல் உயர்ந்தது. “அப்ப அந்தப் பேப்பர்—”

“நான் சரியெண்டு சொன்னனானே?”

“இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லியிருக்கலாம் அம்மா.”

“என்னெண்டு சொல்லுறது? செல்லில செத்தவர் எண்டால் சனம் ஐயோ எண்டு விட்டிடும். ஒண்டும் செய்யாத மனிசன் எண்டு சொல்ல வெளிக்கிட்டால், அப்ப செய்திருந்தால் கொல்லலாமோ எண்டு எனக்குள்ள ஒரு கேள்வி வரும். அவர் செய்தவரெண்டு எனக்குத் தெரியும். நான் எப்பிடி இந்த வாயால செய்யேல்லை எண்டு சொல்லுறது? அதுதான் செல் எண்டனான்.”

அவர் மறுபடி இலை உருவத் தொடங்கினார். சோறு அவிந்தது. சோற்றைப் போட்டபோது றஜிதா ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். ரவுன்ஹவுஸ் வரிசையைச் சுற்றி, தபால் பெட்டிகளைத் தாண்டி, பூங்காவைச் சுற்றி, மறுபடி தபால் பெட்டிகள். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஆரில் கோபம் என்றுதான் பிடிபடவில்லை. அந்தக் குளுக்கோஸின் குளிர்ந்த இனிப்பு அவளுக்கு நல்ல ஞாபகம் இருந்தது. பெட்டி எங்கிருந்து வந்தது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை மார்கரெட்டிடமிருந்து ஈமெயில் வந்திருந்தது. மாஸ்டர் எழுதிவிட்டாராம், தலைப்பு அவள் விருப்பப்படியே போகலாமாம், பத்து மணிக்குள் இறுதிப் பிரதி வேண்டுமாம். றஜிதா பலகையைத் திறந்தாள். ‘சொன்னது யார்?’ அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கீழே மூன்றாம் வரிக்கு வந்தாள். ‘அப்பாவிப் பெண் கத்தரின்.’

அந்தச் சொல்லைத் தான் சேர்த்த நேரம் அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுதிக்கொண்டு போனபோது கை தன்பாட்டில் போட்டது. அவள் அப்பாவியா இல்லையா என்று நாட்குறிப்பு எழுதினவருக்குத் தெரியாது, மார்கரெட்டுக்குத் தெரியாது, றஜிதாவுக்கும் தெரியாது. ஒருவேளை அவள் சொல்லியிருக்கலாம். கோட்டைக்குள் அவளுக்குத் தெரிந்த ஒரு முகம் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன? மூன்று அடியும் அதே அடிதானே.

அவள் ‘அப்பாவி’யை அழித்தாள். ‘கத்தரின் என்ற பெண்’ என்று போட்டாள். இன்னொருதரம் வாசித்துவிட்டு அனுப்பினாள். மாஸ்டருக்கும் தனியாக ஒரு வரி எழுதினாள்: ‘உங்கட இரண்டாம் குறிப்புச் சரி.’

ஒலிப்பதிவு அடுத்த மாதம் நடந்தது. பதினோராம் பலகையை நாலு தரம் வாசிக்கவேண்டி வந்தது. குரலில் பிழை இல்லை. அவளுடைய கால் மேசைக் காலைத் தட்டிக்கொண்டே இருக்கிற சத்தம் மைக்கில் விழுகிறது என்று பதிவு செய்த பெண் சொன்னாள். கடைசியில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள்.

வைகாசியில் கண்காட்சி திறந்தது. றஜிதா தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஏன், எனக்கு உதுகள் விளங்காது என்று சொல்லிக்கொண்டிருந்த சந்திரவதனா, அன்று காலை கேட்காமலே நல்ல சேலை உடுத்து, எட்டு மணிக்கே வாசலில் நின்றார்.

மண்டபத்துக்குள் மரக்குற்றிகளால் மதில்போல அடித்து, அதில் பலகைகளை மாட்டியிருந்தார்கள். எட்டாம் பலகையடியில் மாஸ்டரும் தெய்வநாயகியும் நின்றார்கள். றஜிதா தாயை அறிமுகம் செய்து வைத்தாள். மாஸ்டர் கையைக் கூப்பினார். கூப்பிய கையைக் கொஞ்ச நேரம் இறக்கவில்லை.

சந்திரவதனா பலகைகளை ஒவ்வொன்றாக, விரலைக் காற்றில் ஓட்டி, வாய்க்குள் வாசித்துக்கொண்டு போனார். பதினோராவதில் நின்றார். முழுக்க வாசித்தார். திரும்ப மேலே போய் இன்னொருதரம் வாசித்தார்.

“இதுக்குப் பிறகு இந்தப் பெட்டைக்கு என்ன நடந்தது?”

“தெரியாது அம்மா. எழுதேல்லை.”

“பிள்ளையள் இருந்திருக்குமோ?”

“அதுவும் எழுதேல்லை.”

பலகைக்கு எதிரே ஒரு நீட்டு வாங்கு இருந்தது. சந்திரவதனா அதில் போய் இருந்தார். தெய்வநாயகியும் பக்கத்தில் இருந்தார். “நீ போய் மிச்சத்தைப் பார்,” என்றார் தாய், மகளைப் பாராமல்.

றஜிதா பன்னிரண்டாம் பலகைக்கு நகர்ந்தாள். தானே எழுதியதுதான், ஒரு வரிகூடத் தலைக்குள் போகவில்லை. பின்னால் மாஸ்டரின் குரல் கேட்டது, மெதுவாக, மரியாதையாக.

“அக்கா, பிள்ளை எனக்குச் சொன்னவ. ஒண்டும் செய்யாத ஒரு மனிசனை—”

“செய்தவர், மாஸ்டர்,” என்றார் சந்திரவதனா.

றஜிதா திரும்பினாள். தாயின் முதுகு நேராக இருந்தது. கைகள் மடியில் இருந்தன. பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்க் குடும்பமும் திரும்பிப் பார்த்தது.

“ஒரு பொடியனை வெளியால வராதை எண்டு சொன்னவர். அவன் ஆமிப் பொடியன். அதுக்குத்தான் கொண்டுபோய்ச் சுட்டவை. செல் விழுந்தெண்டு இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அது பொய்.”

தெய்வநாயகி சற்று நகர்ந்து கணவருக்கு இடம் விட்டார். அவர் வாங்கின் கரையில் இருந்தார்.

“அந்தப் பொடியன் தப்பினவனோ அக்கா?” என்று கேட்டார் தெய்வநாயகி.

“தெரியாது. கோட்டைக்குள்ள செத்தவையும் இருக்கினம், தப்பிப் போனவையும் இருக்கினம். இருந்தால் அவனுக்கு இப்ப ஐம்பத்தைஞ்சு வயசு வரும்.” சந்திரவதனா கொஞ்சம் யோசித்தார். “அவர் அண்டைக்குப் போயிருக்கத் தேவையில்லை. நான் இப்பவும் அவரோட அதுக்குக் கோவம்தான்.”

றஜிதா வாங்கடிக்கு வந்தாள். இருக்க இடம் இருக்கவில்லை. தாய் அண்ணாந்து பார்த்தார். தெய்வநாயகியின் பக்கம் நெருங்கி, சேலையை இழுத்துக்கொண்டு, ஓர் ஆளுக்கு இடம் பண்ணினார். பலகைகளில் இன்னும் ஒன்பது மிச்சம் இருந்தன. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஒரு கூட்டம் சத்தத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. றஜிதா இருந்தாள்.